மலைநாட்டு இரவும் விண்முகில்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, நம் வீட்டுக் கூரைக்கு மேலுள்ள வானத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும், போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியாகவும் நம் முன்னோர் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்தனர். தேயிலைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும், இரயில் நிலையத்திலும் கடைத்தெருவிலும் உழைத்தனர். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது மலைமுகட்டின் இப்புறம் ஒரு மாநிலம், அப்புறம் ஒரு மாநிலம் என்றாயிற்று. வானத்துக்கு அத்தகைய எல்லைக்கல் எதுவும் நடப்படவில்லை. அங்கே நமக்கென ஒரு செல்வம் இருக்கிறது. அஃது யாது, அதனை அடைவது எப்படி, அது நம் கையைவிட்டு நழுவாமல் காப்பது எப்படி என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

வானில் விண்மீன்களுக்கு இடையே ஆங்காங்கே வளியும் தூசும் திரண்ட பெரும் முகில்கள் பரந்து கிடக்கின்றன. மேல்நாட்டார் அவற்றை நெபுலா என்பர். நாம் விண்முகில் என்போம். புதிய விண்மீன்கள் பல பிறக்கும் தொட்டில்களும் அவையே; முதிர்ந்த விண்மீன்கள் உதிர்த்த போர்வைகளும் அவையே. அவற்றுள் ஒளிமிக்க ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரியும். ஏனைய பலவும் எத்துணைப் பெரியனவாயினும் மிக மங்கலானவை.

நம் வீடுகளில் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இன்றும் உண்டு. அதில் வரும் மூன்று நட்சத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது கார்த்திகை. அறுமீன் கூட்டம் என்று அதனைச் சிறு குழந்தையும் சுட்டிக்காட்டும். அம்மீன்களைச் சுற்றி நீலநிறத் தூசிப்படலம் மெல்லிய துகில்போலப் படர்ந்துள்ளது. இரண்டாவது மிருகசீரிடம். மானின் தலை எனப்படும் மூன்று சிறு மீன்கள். அவற்றுள் தலையாய மீனை நடுவாகக் கொண்டு செந்நிற வளையம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதன் குறுக்களவு முழுநிலவின் குறுக்களவைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது! ஆயினும் கூரிய கண் படைத்தவரும் அதனைக் கண்டதில்லை. மூன்றாவது திருவாதிரை. அச்செம்மீனுக்குத் தெற்கே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்குக் கீழே, மங்கலாய் ஒரு புகைத்திட்டுத் தெரியும். அதுவே மேல்நாட்டார் ஓரியன் நெபுலா என்று கூறும் புகழ்பெற்ற விண்முகில். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,350 ஆண்டுகள் ஆகின்றன. பல்லவர்கள் மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் புறப்பட்ட ஒளியே இன்றிரவு நம் கண்ணில் விழுகிறது.

கண்ணால் காண இயலாததைக் காமிரா எங்ஙனம் காண்கிறது? நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. நொடியின் ஒரு சிறு பகுதியில் விழுந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடும். ஓர் இரவு முழுதும் உற்று நோக்கினும் முதல் நிமிடத்தில் தெரியாத முகில் கடைசி நிமிடத்திலும் தெரிவதில்லை. படத்தகடோ ஒளியைத் துளித்துளியாகச் சேமிக்கிறது. கூரையின் ஓட்டையில் சொட்டும் நீரைக் குடம் வைத்துப் பிடிப்பதை ஒத்தது அது. துளி சிறிதாயினும் பொழுது நீளின் குடம் நிறையும்.

இவ்வுண்மையை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் பலர், வானநூலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்களே என்பது நாம் மனத்திற் கொள்ளத்தக்கது. 1880 செப்டம்பர் 30 அன்று, மருத்துவம் பயின்ற ஹென்றி டிரேப்பர் என்னும் அமெரிக்கர் ஓரியன் விண்முகிலை 51 நிமிட நேரம் பதிவு செய்து, விண்முகிலின் முதல் படத்தை எடுத்தார். 1883இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் என்னும் பொறியாளர் அதே முகிலை இன்னும் நெடுநேரம் பதிவு செய்தார். தொலைநோக்கியில் கண் வைத்து நோக்கியபோது தெரியாத விண்மீன்களும் அவர் படத்தில் தெரிந்தன. 1888இல் கட்டட ஒப்பந்தக்காரராக வாழ்ந்த ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படம், ஆண்ட்ரோமீடா முகில் சுருள்வடிவம் கொண்டது என்பதை வெளிப்படுத்திற்று. அது விண்முகில் அன்று, 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் பேரூர் என்பது பின்னர் 1920களில் தெளிவாயிற்று.

நம் கார்த்திகையைச் சூழ்ந்த துகிலின் ஒரு பகுதியை, 1885இல் பாரிசு நகரத்து ஹென்றி சகோதரர்கள் படத்திலேயே முதலில் கண்டனர். குதிரைத்தலை முகில் எனப் புகழ்பெற்ற கரிய உருவத்தை 1888ஆம் ஆண்டுத் தகடு ஒன்றில் கண்டவர் வில்லியமினா பிளெமிங் என்னும் அம்மையார். அவர் ஹார்வர்டு வானாய்வகத் தலைவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்து, பின்னர் அவ்வாய்வகத்திலேயே அறிஞராக உயர்ந்தவர். இங்கு வந்திருக்கும் நம் பெண்மக்கள் அவர் பெயரை நினைவிற் கொள்க.

இன்னொருவர் எட்வர்டு பர்னார்டு. வறுமையில் பிறந்து, ஒன்பது வயதிலேயே நிழற்படக் கடையில் கூலிக்கு அமர்ந்தவர். அங்குக் கற்ற தொழிலே அவரை வானத்துக்கு அழைத்துச் சென்றது. 1894இல் அவர் படக்காட்சி விளக்கிலிருந்து எடுத்த ஒன்றரை அங்குல லென்ஸ் ஒன்றைப் பயன்படுத்தி, ஓரியன் மண்டிலத்தைச் சூழ்ந்த மாபெரும் ஒளிவளைவைப் பதிவு செய்தார். இன்று அது பர்னார்டு வளைவு என்றே வழங்குகிறது. முகில் பெரிதாயின் அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டுவதில்லை. அகன்ற பார்வையுடைய சிறு லென்சும் நெடிய பொறுமையும் கரிய வானமும் போதும்.

நம் நாட்டிலும் இவ்வழி உண்டு. ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் என்னும் செல்வர் தம் ஆர்வத்தால் 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து 1901இல் வானாய்வகம் அமைத்தார். அதுவே பின்னர் நிஜாமியா வானாய்வகமாகி, உலக நாடுகள் கூடி வானத்தைப் படமெடுத்துப் பட்டியலிட்ட பெரும்பணியில் பங்குகொண்டது. அங்குப் பணியாற்றியவரின் மகனாக வளர்ந்தவரே சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு. 1949இல் ஹார்வர்டில் மாணவராய் இருந்தபோது, தாம் எடுத்த தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது அவர் பெயரும் உடனிருந்த இருவர் பெயரும் தாங்கி நிற்கிறது.

அப்பெருமகனார் 1960இல் நம் அண்டை மலையாகிய கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைமையை ஏற்றார். வட்டவடையிலிருந்து கிழக்கே மலைகளைக் கடந்தால் வருவது அக்கொடைக்கானலே. 1901 முதல் அங்குக் கதிரவனை ஆராய்ந்து வருகின்றனர். ஆனால் மங்கலான விண்பொருள்களை ஆராய ஊர்விளக்குகள் அணுகாத இடம் வேண்டும் என்று பாப்பு தேடினார். சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் அவருக்குக் கிடைத்தது. 1968இல் நம் நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்குப் பணி தொடங்கிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டபோது, நான்கு ஆண்டுகட்கு முன் மறைந்துவிட்ட அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கருவி செய்வதற்கு முன் இருளைத் தேடினார் அவர். நாமோ அத்தகைய இருளைத் தேடிச் செல்ல வேண்டாதவர்களாய், அதன் நடுவிலேயே குடியிருக்கிறோம்.

இனி, இம்மலைப்புறத்தில் விண்முகிலைப் படம் எடுக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆதலின் அசையாமல் நிற்கும் காமிராவில், 50 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தாலும், பத்து நொடிக்குள் விண்மீன்கள் கோடுகளாக இழுபடத் தொடங்கிவிடும். அதனால் காமிராவைப் பூமியின் சுழற்சிக்கு எதிராக அதே வேகத்தில் திருப்பும் சுழல்தாங்கி ஒன்று வேண்டும். அத்தாங்கியின் அச்சு வானத்து வடமுனையை நோக்கியிருத்தல் வேண்டும். துருவமீன் வடமுனையை ஒட்டியே நிற்பதால் அதனைப் பார்த்து அச்சைச் சரிசெய்வது வழக்கம்.

இங்கேதான் நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் வாழ்கிறோம். எனவே துருவமீன் அடிவானத்துக்கு மேல் 10 பாகை உயரத்திலேயே நமக்குத் தெரியும். வடக்கே ஒரு குன்று இருந்தாலும், மூடுபனி படிந்தாலும் அது மறைந்துபோகும். மேலும் மேல்நாட்டுச் சுழல்தாங்கிகள் பல 40, 50 பாகையில் வாழ்வோரை எண்ணிச் செய்யப்பட்டவை. இத்துணைத் தாழ்வாகச் சாய்த்தால் அவற்றின் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியின் ஒரு காலைக் குறுக்கியோ, அடியில் ஆப்புப் பலகை வைத்தோ இதனைச் சரிசெய்யலாம். துருவமீன் தெரியாத இடத்தில், தெற்கேயும் கிழக்கேயும் உள்ள இரு விண்மீன்கள் காமிராவில் எப்பக்கம் நகர்கின்றன என்று பார்த்தே அச்சைத் திருத்திவிடலாம். பொறுமையுள்ளவர்க்கு ஒரு மணி நேர வேலை.

அடுத்து, ஒரே நீண்ட பதிவாக எடுப்பதைவிட, இரண்டு மூன்று நிமிடப் பதிவுகளாகப் பலவற்றை எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ப்பது நன்று. ஒவ்வொரு பதிவிலும் தாறுமாறான புள்ளிகள் மயக்கும். முகிலின் ஒளியோ எல்லாப் பதிவிலும் அதே இடத்தில் நிற்கும். சேர்க்கச் சேர்க்க மயக்கம் குன்றி ஒளி எழும். நான்கு பதிவு சேர்ந்தால் தெளிவு இரு மடங்கு. நூறு சேர்ந்தால் பத்து மடங்கு. லென்சை மூடி எடுத்த இருட்பதிவுகளையும், சீரான வெள்ளொளியில் எடுத்த பதிவுகளையும் கொண்டு காமிராவின் இயற்கைக் குறைகளைக் கழித்துவிட வேண்டும்.

செந்நிற முகில்கள் ஒளிர்வது ஹைட்ரஜன் வளியால். அவ்வொளியின் அலைநீளம் 656 நானோமீட்டர். சாதாரணக் காமிராக்களின் உள்ளே இருக்கும் வடிகட்டி அச்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அவ்வடிகட்டியை மாற்றிய காமிராவும், அவ்வொளியை மட்டும் விடும் கண்ணாடியும் இருப்பின் மிருகசீரிட வளையம் தெளிவாகப் பதியும். நம் மலைப்பனியில் லென்ஸ் வியர்ப்பது இயல்பு. மெல்லிய சூட்டுப்பட்டை ஒன்றை அதனைச் சுற்றிக் கட்டுதல் வேண்டும். நிலவு இல்லா இரவுகளே தகுந்தவை. காட்டுப்பகுதியில் தனித்துச் செல்வதைவிட வீட்டு மாடியும் கோவில் திடலுமே நல்லிடங்கள். யானை நடமாடும் ஊரில் இதனை விளக்க வேண்டியதில்லை.

பருவத்தையும் இடத்தையும் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரை நம் வானம் பெரும்பாலும் தெளிவாய் இருக்கும். மறையூர், காந்தளூர், சின்னாறு ஆகிய இடங்கள் மழைமறைவில் இருப்பதால் அங்குத் தெளிந்த இரவுகள் மிகுதி. பாலக்காட்டுச் சமவெளியில் கணவாய்க் காற்றும் தூசும் உண்டு. கிழக்கே கோவை நகரின் ஒளி அடிவானத்தில் படிந்திருக்கும். ஆயினும் கொல்லங்கோட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் தெற்கு வானம் இருண்டே காணப்படும்.

இடர்ப்பாடாகக் கூறிய அந்த 10 பாகையே நமக்கு வரமும் ஆகிறது. மிருகசீரிடத்தின் தலையாய மீன் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. ஆதலின் இடுக்கி மலைநாட்டில் அது நம் உச்சந்தலைக்கு நேர்மேலே கடந்து செல்கிறது. தலைக்கு நேர்மேலே காற்றுப்படலம் மிக மெல்லியது, தூசும் குறைவு. செவ்வளையம் சூழ்ந்த அம்மீனைப் பதிவு செய்ய இதனினும் நல்ல இடம் ஏது? மார்கழி என்னும் பெயரே மிருகசீரிடத்தைத் தழுவி வந்தது. அம்மாதத்தில்தான் அது நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வருகிறது.

தெற்கே திரும்பினால் அகத்தியர் விண்மீன் 27 பாகை உயரம் வரை எழும். அதற்குக் கிழக்கே 36 பாகை அகலத்துக்குப் பரந்திருக்கும் பெருமுகிலை, 1950களில் காலின் கம் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் கண்டறிந்தார். கம் நெபுலா என்று அது வழங்கும். இலண்டனிலிருந்து அதன் நடுப்பகுதியைக் காண இயலாது. நாம் அதனையும் காணலாம். வடக்கே ஆண்ட்ரோமீடாவையும் காணலாம். இரு பாதி வானமும் நம் முற்றத்தில் விரிகின்றன.

பெரிய வானாய்வகங்கள் இருக்கும் காலத்தில் ஆர்வலர்க்கு என்ன மிச்சம் என்று சிலர் கேட்கலாம். 2022இல் பிரான்சு நாட்டு ஆர்வலர் யான் சேந்தி, 4 அங்குலத் தொலைநோக்கி கொண்டு ஆண்ட்ரோமீடாவை நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்தார். சேவியர் ஸ்ட்ராட்னர், மார்சல் டிரெக்ஸ்லர் என்னும் மற்றும் இரு ஆர்வலர்கள் அவருடன் இணைந்தனர். ஆண்ட்ரோமீடாவின் அருகே ஆக்சிசன் ஒளியில் மிளிரும் ஒரு நீலவில் அப்பதிவுகளில் வெளிப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக உலகமே படமெடுத்த இடத்தில் அதற்குமுன் ஒருவரும் அதனைக் கண்டிலர்! 2023இல் அவர்களும் வானியலறிஞர்களும் சேர்ந்து அதனை ஆய்விதழில் வெளியிட்டனர். பெரிய தொலைநோக்கிகளில் ஓரிடத்துக்கு நூறு மணி நேரம் ஒதுக்குவது அரிது. ஆர்வலர்க்கோ இரவுகள் ஏராளம்.

ஆனால், அன்பர்களே, அவ்விரவுகள் இருளாக இருத்தல் வேண்டும். இனி நாம் கூறப்போவதே இப்பேச்சின் உயிர்நாடி. 2011 முதல் 2022 வரை உலகின் பல பகுதிகளிலும் பொதுமக்கள் தாம் கண்ட விண்மீன்களைக் கணக்கிட்டு அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை அறிஞர்கள் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டனர். இரவு வானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வெளுத்து வருகிறதாம். 250 விண்மீன் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை, அவ்வேகம் நீடித்தால், 18 வயதில் 100 விண்மீன்களையே காணும். பழைய மஞ்சள் சோடிய விளக்கின் ஒளி சில நிறங்களிலேயே அடங்கும். அதனை வடிகட்டி விலக்கலாம். இன்றைய வெண்ணிற எல்இடி விளக்கோ எல்லா நிறத்திலும் பரவுகிறது. மலைநாட்டிலும் தங்கும் விடுதிகள் பெருகி, மரங்களையும் பள்ளத்தாக்குகளையும் நோக்கி ஒளிவிளக்குகள் வீசப்படுகின்றன.

விளக்கு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பொழுது புலருமுன் வேலைக்குப் புறப்படும் நம் பெண்கள் நடக்கும் பாதைக்கு விளக்கு வேண்டும். யானை வரும் வழிக்கும், மருத்துவமனை வாயிலுக்கும் விளக்கு வேண்டும். மின்விளக்கே இல்லாத வரிசை வீடுகளில் நம் பாட்டன்மார் பட்ட துன்பத்தை நாம் மறந்தோமில்லை. ஆயினும் பாதைக்கு வைத்த விளக்கு பாதையின்மேல் விழட்டும். மேலே மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வெளிச்சம் கிடைக்கும். கண் கூசாததால் நிழலில் நிற்கும் விலங்கும் தெரியும். வானத்துக்குப் போகும் ஒளி யார்க்கும் பயன்படாமல், நாம் பணம் கொடுத்து வாங்கி வீணே எறியும் ஒளி.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அன்று. இலடாக்கில் ஹான்லே என்னும் சிற்றூர்ப்பகுதி 2022 டிசம்பரில் இருள்வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கு ஊர்மக்களே விளக்குகளுக்கு மறைப்பிடுகின்றனர். அவர்களுள் சிலர் தொலைநோக்கி இயக்கப் பயின்று, வரும் விருந்தினர்க்கு வானம் காட்டி வருவாயும் பெறுகின்றனர். மகாராட்டிரத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள்வான் பூங்காவாக ஏற்கப்பட்டது. காடும் ஊரும் கலந்த நம் மலைப்புறத்துக்கு அஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

ஆகவே சங்கத்தார் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கிறோம். ஒன்று, நம் காலனி விளக்குகளுக்கு மூடியிட்டு, மஞ்சள் ஒளி தருவனவாக மாற்றுமாறு உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக. மற்றொன்று, வரும் மார்கழி அமாவாசையன்று இரவு 9 மணி முதல் 11 மணி வரை, இன்றியமையாதன தவிர ஏனைய விளக்குகளை நம் வீடுகளில் அணைத்துவைப்போம். குழந்தைகளை மாடிக்கு அழைத்து வருக. கார்த்திகையையும் ஆதிரையையும் பாட்டிமார்கள் காட்டட்டும். மிருகசீரிடம் உச்சியை அணுகும் அவ்வேளையில் அதனைச் சூழ்ந்த செவ்வளையத்தைப் பதிவு செய்யத் தொடங்குவோம். ஓர் இரவில் முடியாது. அடுத்தடுத்த அமாவாசை இரவுகளில் பதிவுகளைச் சேர்த்து, அடுத்த ஆண்டு மலரில் அப்படத்தை அச்சிடுவோம். காமிரா உடையவர் காமிரா தருக. கணிப்பொறி அறிந்த இளைஞர் உழைப்புத் தருக. ஏனையோர் இருளைத் தருக.